பூட்டிய அரண்மனையும் சாய்ப்பில் தொங்கிய தளைநாரும்

மே 4, ஞாயிறு: இரணியல்

காலை ஏழு மணிக்கு இரணியல் நிலையத்தில் இறங்கியபோதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சென்னை வெயில் சுடும். குமரி மாவட்டத்து மே மாத வெயிலோ ஆவியில் வைத்து அவிக்கும். அம்மாவுக்கு வயது 72, என் மகள் ஏழாம் வகுப்பை முடித்திருக்கிறாள், இவர்களோடு நான். மூன்று பேருக்கு ஐந்து பைகள். மாமா அனுப்பியிருந்த ஆட்டோக்காரர் பைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "மழைக்காலம் முடிஞ்சுதான் போவீங்களோ?" என்று கேட்டார். நாலு நாள்தான் என்றதும் அவர் முகத்தில் சற்று ஏமாற்றம் தெரிந்தது.

இந்தப் பயணத்துக்கு விதை விழுந்தது சென்ற ஆண்டு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில். அங்கே 1996 முதல் நடந்துவரும் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகத்துக்கு மூவரும் போயிருந்தோம். பழைய வீடுகளை அவை நின்ற ஊரிலேயே ஓடு ஓடாகவும் உத்திரம் உத்திரமாகவும் பிரித்து, எண் போட்டு, வேறோர் இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிக் காட்டும் முறைக்கு, 1891-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கப்பட்ட ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம்தான் உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தது. முட்டுக்காட்டில் செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு என ஒவ்வொன்றாக ஏறி இறங்கியபின், மகள் பாட்டியைப் பார்த்து, "உன் வீடு இதுல எது?" என்று கேட்டுவிட்டாள். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எங்க வீட்டை இப்படித் தூக்கிட்டு வர முடியாது மக்களே. வருசத்துக்கு ஒருக்க ஓலை மாத்தாட்டி அதுவே விழுந்துரும்" என்றாள். அந்தப் பதில் எனக்குள் பல மாதம் கிடந்து உறுத்தியது. அம்மா பிறந்த ஊரையும், பக்கத்திலேயே இருந்தும் நான் ஒருமுறைகூட உள்ளே போய்ப் பார்க்காத, திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனையையும் மகளுக்குக் காட்டிவிடுவது என்று கிளம்பி வந்தோம்.

மாமா வீடு இரணியலிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம். பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது கான்கிரீட் வீடு நிற்கிறது. மதியம் மாமி சம்பா அரிசிச் சோறும், சாளைப் புளிமுளமும், மரச்சீனிக் கிழங்கும், சக்கைக்குரு போட்ட அவியலும் வைத்தாள். பலாவைச் சக்கை என்றும், பலாக்கொட்டையைச் சக்கைக்குரு என்றும் சொல்லும் ஊர் இது. சென்னையில் சக்கை என்றால் சாறு பிழிந்தபின் எறிவது. அந்தக் குழப்பத்தில் மகள் முதலில் இலையை எட்ட நின்றே பார்த்தாள். பிறகு மூன்றுமுறை வாங்கிச் சாப்பிட்டாள். புளிமுளத்தின் காரம் கண்ணில் நீர் வரவழைத்தபோது மாமி ஒரு சீப்பு மட்டிப்பழத்தை எடுத்து முன்னால் வைத்தாள். விரல் நீளத்துக்கு மேல் வளராத, மணம் மட்டும் அறை முழுவதும் நிறைகிற பழம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் கிலோ நூறு ரூபாய்க்குக் குறைவாகக் கேட்கவே முடியவில்லை என்று மாமி சலித்துக்கொண்டாள்.

மே 5, திங்கள்: தக்கலை

அரண்மனை பூட்டியிருந்தது.

திங்கட்கிழமைதோறும் விடுமுறை என்பதை வாசலில் மாட்டியிருந்த பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கைபேசியில் இரண்டு நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். முந்தைய இரவு அந்த இரண்டு நிமிடத்தைச் சக்கைக்குருவுக்குக் கொடுத்துவிட்டேன். ஆட்டோக்காரரிடம், "உங்களுக்குத் தெரியாதா அண்ணே?" என்று கேட்டேன். "அரமனைக்குப் போணும்னு சொன்னீங்க. உள்ள போணும்னு சொல்லல்லையே" என்றார். போக வர 350 ரூபாய். அவர் சொன்னதில் குறை காண முடியவில்லை என்பதால் பேரமும் பேசவில்லை.

வாசலுக்கு எதிரே இருந்த சாயாக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் அம்மாவுக்கென்று உள்ளேயிருந்து தம் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். சாயா 12 ரூபாய், ஏத்தம்பழ பஜ்ஜி 10 ரூபாய், நாற்காலிக்கு விலை இல்லை. "இங்க வாறவங்கள்ல பாதிப் பேரு திங்கக்கிழமைதான் வருவாவ. எனக்கு அன்னைக்குத்தான் பஜ்ஜி கூடுதலா போகும்" என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்று கடைசிவரை பிடிபடவில்லை.

அந்தப் பலகையில் மலையாளம் ஏன் என்று மகள் கேட்டாள். 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் என்ற நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து, அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டுக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. ஊர் இந்தப் பக்கம் வந்தது. அரண்மனையைப் பராமரிப்பது மட்டும் இன்றுவரை கேரளத் தொல்லியல் துறைதான். "அப்போ வீடு நம்ம ஊர்ல, சாவி பக்கத்து வீட்டுல" என்றாள். இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

வீடு திரும்பிய சற்று நேரத்தில் வேளிமலைப் பக்கம் கறுத்தது. மூன்று மணிக்கு இடியோடு மழை கொட்டியது, மின்சாரமும் போனது. வெளியே போக வழியில்லாததால் மாமா எங்களை வீட்டின் பின்புறச் சாய்ப்புக்குள் அழைத்துப் போனார். தென்னை மட்டையும் உரமூட்டையும் அடைத்துக் கிடந்த அந்த இடத்தில் சுவரில் மூன்று ஆணிகள், ஆணிகளில் அவருடைய ஏறுசாமான்கள். மாமா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பனையேறியவர். முழங்கால் மறுத்தபின் நிறுத்தினார்.

முதல் ஆணியில் அருவாப்பெட்டி. பாளை அருவாளும் சுண்ணாம்பும் வைத்து இடுப்பின் பின்னால் கட்டிக்கொள்வது. முதுகில் உரசி உரசி அதன் ஒரு பக்கம் மட்டும் மெழுகுபோல் வழவழத்துக் கிடந்தது. அடுத்ததில் கடிப்பு, பாளையை இடுக்கி நெரிப்பதற்கான மரக் கிட்டி. மூன்றாவது ஆணியில் தளைநார். இரண்டு பாதங்களையும் ஓர் அளவு இடைவெளிக்குள் பிணைத்து, மரத்தை அணைத்து ஏறுகிறவனின் கால் நழுவாமல் காக்கும் நார் வளையம். மகள் அதில் கால் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். "வேண்டாம் மக்களே, காஞ்சு போச்சு. இப்ப விட்டா முறியும்" என்று மாமா அதை எடுத்துத் தட்டினார், கறையான் மண் உதிர்ந்தது. பிறகு தம் பாதத்தின் வெளி விளிம்பைத் திருப்பிக் காட்டினார். தளை பதிந்த இடத்தில் இரு பாதங்களிலும் கன்றிப்போன கறுப்புக் கோடு. தொட்டால் செருப்பின் அடித்தோல்போல் இருந்தது.

"இந்த நாருக்கும் ராசாவுக்கு வரி கெட்டியிருக்கோம், கேட்டியா" என்றார். அவர் காலத்தில் அல்ல, அவருடைய முன்னோர் காலத்தில். திருவிதாங்கூரில் பனையேறிகளிடம் தலைவரி வாங்கியதோடு நிற்கவில்லை. ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம் என்று அவற்றுக்கும் வரி இருந்தது. புத்தகத்தில் நான் படித்தபோது அது வரிப் பட்டியலில் ஒரு சொல்லாகக் கடந்து போயிற்று. ஒரு முழத்துக்கும் குறைவான நாரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கும்போது, இதற்கா, என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

மே 6, செவ்வாய்: பத்மநாபபுரம்

ஒன்பது மணிக்குத் திறக்கும் வாசலில் எட்டே முக்காலுக்கே நின்றோம். நேற்றைய சாயாக் கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். புகைப்படக் கருவிக்குத் தனிச் சீட்டு.

முகப்பான பூமுகத்திலேயே மகள் அண்ணாந்தபடி நின்றுவிட்டாள். மரக் கூரையின் அடிப்பக்கத்தில் 90 பூக்கள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்கிறார்கள். அவள் சரிபார்க்கத் தொடங்கி முப்பதைத் தாண்டியதும் கழுத்து வலித்துக் கைவிட்டாள். அங்கே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் திருப்பிய இடத்திலேயே நின்றுகொள்ளும் என்று வழிகாட்டும் பெண்மணி விளக்கினார். கேரளத் துறையில் பணி. பேச்சில் தமிழும் மலையாளமும் சோறும் புளிசேரியும்போலக் கலந்து வந்தன. அம்மாவுக்கு அவரோடு பத்தே நிமிடத்தில் ஒட்டிக்கொண்டது.

இந்த அரண்மனையில் நான் எதிர்பாராதது அதன் உயரக் குறைவுதான். அரண்மனை என்றதும் மதுரை நாயக்கர் மகாலின் தூண்கள் மனத்தில் இருந்தன. இங்கேயோ பல இடங்களில் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கிறது. கல்லில் எழும்பிய கர்வம் எதுவும் இல்லாமல், ஓடும் மரமும் முற்றமுமாக, ஒரு பெரிய வீடு தன்னோடு இன்னொரு வீட்டைச் சேர்த்து, அதனோடு வேறொன்றைச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வளர்ந்துகொண்டே போனதுபோல் ஆறரை ஏக்கரில் பரந்து கிடக்கிறது. குளச்சல் போரில் 1741-இல் டச்சுக்காரர்களை வென்ற மன்னர் மார்த்தாண்ட வர்மா இதைப் பெரிதாக்கிக் கட்டினார். கல்குளம் என்ற ஊர் பத்மநாபபுரம் ஆனதும் அவர் காலத்தில்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. போனதும் நல்லதாயிற்று, இருந்திருந்தால் இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள்.

மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் தரையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கறுப்புக் கண்ணாடிபோல் பளபளக்கும் அந்தத் தரையில் மகளின் பாவாடை நிறம்கூடத் தெரிந்தது. சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துத் தேய்த்தது என்றார் வழிகாட்டி. வெறுங்காலுக்கு அது வெயில் நாளிலும் சில்லென்றிருந்தது. அம்மா குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயும் சாணியில சிரட்டைக்கரி கலந்துதான் மெழுகுவோம். முட்டைதான் சேக்கல்ல. முட்டை இருந்தா தின்னிருப்போம்ல" என்றாள். வழிகாட்டி சிரித்தார், நான் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

தாய்க் கொட்டாரம் என்ற பகுதியில் ஒரே பலா மரத்தில் கடைந்த தூண் ஒன்று நிற்கிறது. செதுக்கல்களின் நுணுக்கத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அதைத் தட்டிப் பார்க்க ஆசைப்பட்டாள். தொடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பலாவின் காதல் தட்டினால்தான் தெரியும் என்பது அவள் கட்சி. காதல் என்றால் மரத்தின் வைரம் பாய்ந்த உட்பகுதி. மகள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஊட்டுப்புரை இரண்டு நீண்ட தளங்கள். தளத்துக்கு 1,000 பேராக ஒரே வேளையில் 2,000 பேருக்கு இலவச உணவு போட்ட இடம் என்று வழிகாட்டி பெருமிதத்தோடு சொன்னார். பெருமிதத்துக்குத் தகுந்த கூடம்தான். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் நிற்பவர் முகம் தெரியாது. ஊறுகாய் போட்டுவைத்த பரணிகள் பக்கத்தில் இருந்தன. ஆள் உட்கார்ந்தால் தலை மட்டும் தெரியும்.

"அத்தனை பேருக்கும் அரிசி குத்தினது ஆரு?" என்று அம்மா கேட்டாள்.

வழிகாட்டி ஒரு கணம் தயங்கி, அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தம் அம்மும்மையும், அதாவது பாட்டியும், ஊரில் பெரிய வீட்டுக்கு நெல் குத்தப் போனவர்தான் என்றார். அவ்வளவுதான், இருவரும் அடுத்த கூட்டத்தை மறந்துவிட்டார்கள். ஓர் உரலில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறிமாறிக் குத்துவது, உலக்கையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றும் இடைவெளியில் மூச்சை விடுவது, தாளம் தப்பினால் எதிராளியின் உலக்கையோடு மோதுவது என்று பேச்சு நீண்டது. அம்மாவின் வலது தோள் மழைக்காலத்தில் இன்றும் வலிக்கும். "சீதனத்துல எனக்குக் கூடுதலா வந்தது இந்த வலிதான். அந்த உரலைத் திரும்பக் கொண்டா, நான் மெட்ராசுக்கு ஓடிருவேன்" என்றாள்.

முட்டுக்காட்டில் எனக்கு உறுத்தியது என்னவென்று அங்கே நிற்கும்போது பிடிபட்டது. இத்தகைய இடங்களில் வீட்டைக் காட்ட முடிகிறது, பாத்திரத்தைக் காட்ட முடிகிறது. புகையையும் தோள்வலியையும் காட்ட முடிவதில்லை. அதனால்தான் அந்தக் காலம் அத்தனை சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் நமக்குத் தோன்றுகிறது. குறை சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம்; காட்டாமலிருந்தால் இந்தத் தூணும் என்றோ விறகாகியிருக்கும். ஆனால் இதே கல்குளம், இரணியல் வட்டாரங்களில்தான் 1822-இல், மேலாடை மறுக்கப்பட்டிருந்த நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டதற்காகக் கலகம் மூண்டது. அவர்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவிக்க 1859 ஜூலை 26 வரை ஆயிற்று. அதற்கு வெகுமுன்பே அரசவை இந்த அரண்மனையை விட்டுப் போயிருந்தது என்பதால் சுவர்மேல் பழி இல்லை. இருந்தாலும், 90 பூக்களை எண்ணுகிற கண்ணுக்கு அந்தக் கலகத்தைப் பற்றிய ஒரு குறிப்பும் எங்காவது தென்பட வேண்டும் என்று நினைத்தேன்.

படையில் சேர வந்தவன் தலைக்கு மேல் 101 முறை தூக்க வேண்டியிருந்த 38 கிலோ கல் என்று ஒன்றைக் காட்டினார்கள். தூக்க முயன்றுவிடக் கூடாதென்று ஒரு குடும்பத் தலைவரை அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். உப்பிரிகை மாளிகையின் மூலிகை மரக் கட்டில், மணிமேடைக் கடிகாரம் எல்லாம் வேகவேகமாகப் பார்த்தோம். ஒரு மணிக்கு உணவு இடைவேளைக்கு மூடுவார்கள். தெற்குக் கொட்டாரத்தில் பழைய வீட்டுச் சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அம்மா ஒவ்வொன்றின் முன்னும் நின்று, "இதுக்குப் போயி டிக்கெட்டா?" என்றாள். நான் தேடியது ஒரு தளைநார். என் கண்ணில் படவில்லை.

மே 7, புதன்: பனைவிளை

விடிவதற்கு முன்பே மாமா எழுப்பிவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவர் இன்னும் ஏறுகிறார். பக்கத்து ஊர் விளையில் அக்கானி இறக்கும் நேரம். பதநீரை இங்கே அக்கானி என்பார்கள்.

நாங்கள் போனபோது அவர் நான்காவது பனையில் இருந்தார். மரத்தடியிலிருந்து பார்க்க, இரண்டு பாதங்களும் ஒட்டிக்கொண்டு ஒரே காலாக மேலேறுவதுபோல் தெரிந்தது. மேலே போய்ப் பாளையின் நுனியை அருவாளால் மெல்லிய வட்டமாகச் சீவும் ஒலி, வெற்றிலை கிழிவதுபோல, கீழேவரை கேட்டது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் அக்கானி புளித்துக் கள்ளாகிவிடும். காலையும் மாலையும், பாளை காயாமல் நாள் தவறாமல் ஏற வேண்டும். காய்ச்சல், கலியாணம் எதற்கும் விடுப்பு இல்லை. இறங்கி வந்தவர் மகளுக்குப் பனையோலையை மடக்கிப் பட்டை பிடித்து அதில் ஊற்றிக் கொடுத்தார். முதல் மடக்குக்கு முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது மடக்கைக் குடித்துவிட்டு ஓலையை நக்கினாள். காசு கொடுக்கப் போனபோது, "குடிச்ச அக்கானிக்கு ஆராவது காசு வாங்குவாவளா?" என்று கையை உதறினார்.

அவர் மனைவி ஓலைப்புரையில் அக்கானியைக் கருப்பட்டிக்காகக் காய்ச்சிக்கொண்டிருந்தார். முட்டுக்காட்டில் இல்லாத புகை இங்கே மொத்தமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் எனக்குக் கண் திறக்க முடியவில்லை. அவர் மூன்று மணி நேரமாக அங்கே நிற்கிறார். நுரை பொங்கி விளிம்பை எட்டியபோது நசுக்கிய ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை எறிந்தார், நுரை அப்படியே அடங்கியது. பாகு இறுகியதும் துடுப்பால் கிண்டி, நனைத்துக் கவிழ்த்திருந்த சிரட்டைகளை நிமிர்த்தி வரிசையாக ஊற்றினார். பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும் என்றார். கிலோ 400 ரூபாய். கடைகளில் சீனி கலந்தது 250-க்கே கிடைக்கிறது, அதனால் இதை வாங்க ஆள் இல்லை. நான் மூன்று கிலோ வாங்கினேன். பேரம் பேசாதே என்று அம்மா முன்கூட்டியே என் கையைக் கிள்ளியிருந்தாள். கிள்ளாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன், அந்தப் புகைக்குப் பிறகு.

பேசிக்கொண்டே அந்த ஏறுகாரர் பச்சை நாரைக் கிழித்து முறுக்கி, மகளின் காலுக்கு ஏற்ற அளவில் ஒரு சின்னத் தளை செய்துவிட்டார். அவள் அதை மாட்டிக்கொண்டு மண்ணில் தத்தித் தத்தி நாலடி போய் விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. மாமா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

இரவு ரயில். கருப்பட்டியை மாமி ஓலைப்பெட்டியில் அடுக்கி, அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். திருநெல்வேலி தாண்டியிருக்கும், மேல்படுக்கையிலிருந்து மகள் கூப்பிட்டாள். பையிலிருந்து கிளம்பிய எறும்பு வரிசை அவள் தலைமாட்டில் வைத்திருந்த தளைநாரைச் சுற்றிக்கொண்டு, கம்பி வழியே இறங்கி, எதிர்ப்படுக்கைப் பெரியவரின் தலையணை வரை போயிருந்தது. அவர் எழுந்து தலையணையை இரண்டு தட்டுத் தட்டினார். திட்டப்போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் பையை மோந்து பார்த்துவிட்டு, "நயம் கருப்பட்டிதான், எறும்பு பொய் சொல்லாது. கிலோ என்ன விலைக்கு வாங்கினிய?" என்று கேட்டார்.